ட்ரிப்சின் டைஜெஷன் சொதப்புகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நாகர்கோவில் வட்டாரத்தில் புரத ஆய்வு செய்யும் மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் சாம்பிள்கள் பெரும்பாலும் நான்கு வகை: குளச்சல், முட்டம் பக்கமிருந்து மீன்; குலசேகரம், அருமனை பக்கமிருந்து ரப்பர் பால்; சக்கைக்குரு (பலாக்கொட்டை), பயறு போன்ற விதைகள்; மட்டிப் பழம் (ஒரு வகை வாழை), கிராம்பு போன்ற கறை பிடிக்கும் செடிப் பொருள்கள். புரதத்தைத் துண்டுகளாக வெட்டும் என்சைமான ட்ரிப்சினிடம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தகராறு செய்யும். ஆனால் சாம்பிள் செரிக்கவில்லை என்றதும் எல்லாரும் சொல்வது ஒன்றேதான்: “ட்ரிப்சின் கெட்டுப்போச்சு.” உடனே புதுக் குப்பிக்கு ஆர்டர். நான் பார்த்தவரை, தவறு பெரும்பாலும் ட்ரிப்சினைச் சேர்ப்பதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

கீழே உள்ளவை இந்த வழக்கமான முறையை வைத்து எழுதியவை: புரதத்தை 8 மோலார் யூரியாவில் கரைப்பது, புரதத்தின் டைசல்ஃபைடு என்ற கந்தகப் பிணைப்பை உடைக்கும் டிடிடியை 5 முதல் 10 மில்லிமோலார் சேர்த்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம், அப்புறம் உடைந்தது மறுபடி சேராமல் அடைக்கும் ஐயோடோஅசிட்டமைடு சேர்த்து இருட்டில் அரை மணி நேரம், 50 மில்லிமோலார் அம்மோனியம் பைகார்பனேட்டால் யூரியாவை 1 மோலாருக்குக் கீழே நீர்ப்பது, 50 பங்கு புரதத்துக்கு 1 பங்கு ட்ரிப்சின், 37 டிகிரியில் இரவு முழுக்க.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முன்கூட்டியே செய்துவைக்க வேண்டிய ஏற்பாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் மூன்று ட்யூப் வையுங்கள். ஒன்றில் பிஎஸ்ஏ (மாட்டு இரத்த ஆல்புமின், ஒப்பீட்டுக்கான புரதம்) மட்டும், ஒன்றில் உங்கள் சாம்பிள் மட்டும், மூன்றாவதில் இரண்டும் பாதிப் பாதி. ட்ரிப்சின் சேர்க்கும் முன் ஒவ்வொன்றிலும் 10 மைக்ரோகிராம் அளவு எடுத்துத் தனியே உறையவைத்துவிடுங்கள். பிஎஸ்ஏவில் சிஸ்டீன் என்ற கந்தக அமினோ அமிலம் 35, 17 டைசல்ஃபைடு பிணைப்பு இருப்பதால் டிடிடி வேலை செய்யாவிட்டாலும் அதிலேயே தெரிந்துவிடும். இந்த மூன்று ட்யூப் இல்லாமல் கேட்கப்படும் கேள்விக்கு என்னால் ஊகத்தைத்தான் பதிலாகத் தர முடியும்.

அறிகுறி 1: அசிட்டோனில் வீழ்படிந்த பெல்லெட் (ட்யூப் அடியில் படியும் புரதம்) கரையவே மாட்டேன் என்கிறது

அதிகமாகக் காயவைத்தீர்களா? இதுதான் முதல் காரணம். அசிட்டோனைக் கொட்டிவிட்டு, ட்யூபைக் கவிழ்த்து இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் போதும். வாக்குவம் கான்சென்ட்ரேட்டரில் போட்டால் பெல்லெட் கண்ணாடித் துணுக்கு போலாகிவிடும். அதற்கப்புறம் யூரியா ஊற்றிப் பிரயோசனமில்லை. ஓரம் லேசாக ஈரமாக இருக்கும்போதே கரைப்பான் போடுங்கள்.

யூரியா உண்மையிலேயே 8 மோலாரா? 480 மில்லிகிராம் யூரியாவை எடுத்து அதன்மேல் 1 மில்லிலிட்டர் பஃபர் ஊற்றுகிறார்கள். யூரியா தானே இடத்தை அடைப்பதால் மொத்தம் 1.35 மில்லிலிட்டருக்கு வந்துவிடும்; கிடைப்பது கிட்டத்தட்ட 6 மோலார்தான். 0.6 மில்லிலிட்டர் பஃபரில் கரைத்து, கடைசியில் 1 மில்லிலிட்டருக்குக் கொண்டுவாருங்கள். கரையும்போது ட்யூப் சில்லென்று ஆகும், கரைவது மெதுவாகும். அந்த நேரத்தில் ஹீட்டிங் பிளாக்கில் வைக்கக் கை போகும். வைக்காதீர்கள். உள்ளங்கைக்குள் வைத்து உருட்டினால் போதும். ஏன் என்று அறிகுறி 6இல் சொல்கிறேன்.

கொழுப்பு இருக்கிறதா? சாளை, அயிலை போன்ற எண்ணெய் மீன் என்றால் பெல்லெட்டே பசையாக இருக்கும். குளோரோஃபார்ம்–மெத்தனால் முறைக்கு மாறுங்கள். 100 மைக்ரோலிட்டர் சாம்பிளுக்கு 400 மெத்தனால், 100 குளோரோஃபார்ம், 300 தண்ணீர், ஒவ்வொன்றும் சேர்த்தபின் நன்றாகக் கலக்கி, சென்ட்ரிஃப்யூஜ் செய்யுங்கள். புரதம் இரண்டு அடுக்குக்கும் நடுவில் வெள்ளைத் தகடாக நிற்கும். மேல் அடுக்கை எடுக்கும்போது அந்தத் தகட்டையும் உறிஞ்சிவிடுபவர்கள் அதிகம்; மேலே கொஞ்சம் விட்டுவையுங்கள். பிறகு இன்னும் 300 மைக்ரோலிட்டர் மெத்தனால் சேர்த்துச் சுற்றினால் புரதம் அடியில் வந்து உட்காரும்.

இவ்வளவும் பார்த்தும் கரையவில்லை என்றால் 6 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடு. அதுவும் சரிவரவில்லையா? பெல்லெட்டைப் பைகார்பனேட்டில் தூளாக்கிக் கலக்கி, அப்படியே ட்ரிப்சினைப் போட்டுவிடுங்கள். புரதம் துண்டாகத் துண்டாகத் தானே கரைசலுக்குள் வந்துவிடும். காலையில் ட்யூப் தெளிந்திருக்கும். நிறைய பேருக்கு இதைச் செய்யத் துணிவு வருவதில்லை, ஆனால் நல்ல வழி.

அறிகுறி 2: புரத அளவு நம்பும்படி இல்லை

புரதம் அளக்கும் பிராட்ஃபோர்டு சோதனை ஒன்று சொல்கிறது, பிசிஏ சோதனை இன்னொன்று சொல்கிறது என்றால் பஃபரைப் பாருங்கள். எஸ்டிஎஸ், ட்ரைட்டன் ஆகிய டிடர்ஜென்ட்கள் பிராட்ஃபோர்டைக் கெடுக்கும். டிடிடி பிசிஏவைக் கெடுக்கும். செடி சாம்பிளில் உள்ள ஃபீனால்கள் பிசிஏவில் நிறத்தைக் கூட்டிக் காட்டும், அதாவது இல்லாத புரதம் இருப்பதாகத் தெரியும். ஸ்டாண்டர்டு வளைகோட்டுக்கும் அதே பஃபரில்தான் பிஎஸ்ஏவைக் கரைக்க வேண்டும். தண்ணீரில் கரைத்த ஸ்டாண்டர்டு வேண்டாம்.

சந்தேகம் தீரவில்லையா? புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பேண்டுகளாக (கோடுகளாக) காட்டும் ஜெல்லில் 2, 5, 10 மைக்ரோகிராம் பிஎஸ்ஏவுக்குப் பக்கத்தில் சாம்பிளை ஓட்டிக் கண்ணால் ஒப்பிடுங்கள். பழைய முறைதான், ஆனால் ஏமாற்றாது.

அறிகுறி 3: இரவு முழுக்க வைத்தும் ஜெல்லில் பேண்டுகள் அப்படியே இருக்கின்றன

இங்கேதான் நிதானம் வேண்டும். மூன்று ட்யூபையும், உறையவைத்த ‘முன்’ பகுதிகளையும் ஒரே ஜெல்லில் ஓட்டுங்கள். ட்ரிப்சின் சேர்த்த சாம்பிளில் லோடிங் பஃபர் ஊற்றியதும் உடனே கொதிக்கவிடுங்கள். நன்றாகச் செரித்திருந்தால் பெரிய பேண்டுகள் மறைந்து, பெப்டைடுகள் (வெட்டுப்பட்ட சிறு துண்டுகள்) சாய முனையோடு ஓடிப்போயிருக்கும். 23, 24 கிலோடால்டன் பக்கம் மங்கலாக ஒரு பேண்ட் மிச்சம் இருந்தால் பயப்பட வேண்டாம், அது ட்ரிப்சின். அதைத் “செரிக்காத புரதம்” என்று குறித்துவைத்திருந்த நோட்டுப் புத்தகங்களைப் பார்த்திருக்கிறேன்.

3அ: பிஎஸ்ஏவும் செரிக்கவில்லை

அப்படியானால் சாம்பிள் மேல் குற்றமில்லை. செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள்.

பிஎச் தாள். ட்யூபிலிருந்து 1 மைக்ரோலிட்டர் எடுத்துத் தாளில் தொட்டுப் பாருங்கள். 7.5க்கும் 8.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். அம்மோனியம் பைகார்பனேட்டை அன்றன்றைக்குக் கரைக்க வேண்டும். பழைய பாட்டிலில் வாயு வெளியேறிப் பிஎச் ஏறியிருக்கும்.

இன்குபேட்டர். திரை காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். ஒரு ட்யூபில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் தெர்மாமீட்டர் வைத்து அரை மணி நேரம் கழித்துப் படியுங்கள். ஹீட்டிங் பிளாக்கில் வைத்தால் மூடியில் நீர்த்துளி கோத்து, கீழே உள்ளது கெட்டியாகிவிடும். காற்று இன்குபேட்டர் நல்லது. இரவில் கரண்ட் போனதா என்றும் கேளுங்கள். நம் ஊரில் அறை வெப்பநிலையே 25 டிகிரிக்குக் குறையாத இரவுகள்தான் அதிகம் என்பதால் கரண்ட் போனாலும் செரிமானம் நிற்காது, மெதுவாகும். ஆகவே சாம்பிளைக் கொட்டிவிடாதீர்கள். கரண்ட் வந்தபின் முதலில் போட்டதில் பாதி அளவு புது ட்ரிப்சின் சேர்த்து இன்னும் நான்கு மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

டிடிடி. கரைசலாக வைத்திருந்தது காற்றுபட்டு வீணாகியிருக்கலாம். புதிதாக எடை போட்டுக் கரையுங்கள். கடலோரக் காற்றில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை உடனே திறந்தால் உள்ளே நீர் கோத்து, அடுத்த தடவை தூள் கட்டிகட்டியாக வரும். ஜூன் முதல் நவம்பர் வரை மழை மாறி மாறிப் பெய்யும் மாதங்களில் இது இன்னும் மோசம். பாட்டில் அறை வெப்பத்துக்கு வந்தபிறகே மூடியைத் திறக்க வேண்டும் என்று ஃப்ரிட்ஜ் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.

கடைசியாகத்தான் ட்ரிப்சின். எதில் கரைத்தீர்கள்? 50 மில்லிமோலார் அசிட்டிக் அமிலத்தில் அல்லது 1 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துச் சிறு பங்குகளாக உறையவைத்திருந்தால் தாங்கும். பைகார்பனேட்டில் கரைத்து வைத்திருந்தால் அது தன்னைத்தானே தின்றிருக்கும். ஃப்ரீசர் ஒரு தடவை உருகி உறைந்திருந்தாலும் சந்தேகம்தான். பிஏபிஎன்ஏ என்ற செயற்கைப் பொருளோடு சேர்த்தால் நல்ல ட்ரிப்சின் மஞ்சள் நிறம் தரும். 405 நானோமீட்டரில் அளக்கலாம், ஒரு குப்பியின் விலையில் சிறு பங்குதான் ஆகும். மஞ்சள் வரவில்லை என்றால் மட்டும் புதிது வாங்குங்கள்.

3ஆ: பிஎஸ்ஏ செரித்தது, கலவையிலும் செரித்தது, சாம்பிள் மட்டும் செரிக்கவில்லை

என்சைம் நலமாக இருக்கிறது, தடையும் இல்லை. உங்கள் புரதம் சுருளவிழவில்லை, அல்லது அளவு தப்பு. புரதத்தை நாலில் ஒன்றாகக் குறைத்து மதிப்பிட்டிருந்தால் ட்ரிப்சினும் நாலில் ஒன்றுதான் போயிருக்கும். அறிகுறி 2க்குப் போய் வாருங்கள்.

மீன் தோல், செதிள் என்றால் அது கொலாஜன். முறுக்கு அவிழாத கொலாஜனை ட்ரிப்சின் ஒன்றும் செய்யாது. யூரியா சேர்ப்பதற்கு முன், பைகார்பனேட்டில் வைத்து 60 டிகிரிக்கு மேல் சூடாக்கி முறுக்கைக் குலைத்துவிட்டு, அப்புறம் 37க்கு இறக்கி ட்ரிப்சின் போடுங்கள்.

ரப்பர் பாலில் உள்ள ஹெவின் மாதிரி சின்னப் புரதங்கள் வேறு வகை. நாற்பது சொச்சம் அமினோ அமிலத்துக்குள் எட்டு சிஸ்டீன். அதை அவிழ்க்க டிடிடியை 10 மில்லிமோலாருக்குக் கீழே வைக்காதீர்கள், ஐயோடோஅசிட்டமைடையும் அதற்கேற்ப இரண்டு மூன்று மடங்காக வையுங்கள்.

3இ: பிஎஸ்ஏ தனியாகச் செரித்தது, சாம்பிளோடு கலந்ததும் செரிக்கவில்லை

சாம்பிளில் ட்ரிப்சினைத் தடுக்கும் ஏதோ இருக்கிறது. இந்தக் கிளைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வரிசையாகப் பாருங்கள்.

முதலில் அமிலம்: டிசிஏ (ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம்) போட்டு வீழ்படிவாக்கி, குளிர்ந்த அசிட்டோனில் சரியாகக் கழுவவில்லை என்றால் பிஎச் 5க்குப் போயிருக்கும். பிஎச் தாள் ஒரு நொடியில் சொல்லிவிடும்.

அடுத்து யூரியாவின் கணக்கு: 50 மைக்ரோலிட்டர் 8 மோலார் சாம்பிளை 1 மோலாராக்க மொத்தம் 400 வேண்டும், அதாவது 350 சேர்க்க வேண்டும். 200 சேர்த்து நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது எஸ்டிஎஸ். 0.1 சதவீதத்துக்கு மேல் மிஞ்சியிருந்தால் ட்ரிப்சின் தடுமாறும். ட்யூபை அசைத்துப் பாருங்கள், நுரை நிற்கிறதா? மறுபடி குளோரோஃபார்ம்–மெத்தனால்.

நான்காவது, நீங்களே போட்ட புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் என்சைம்) தடுப்பான். அரைக்கும்போது போட்ட மாத்திரை ட்ரிப்சினையும் தடுக்கும் என்பது எளிதில் மறந்துபோகிறது. பிஎம்எஸ்எஃப் என்ற தடுப்பான் மட்டும் என்றால் கவலை குறைவு. பிஎச் 8இல் 25 டிகிரியில் சுமார் 35 நிமிடத்துக்கு ஒரு தடவை பாதியாகிவிடும். லியூபெப்டின், அப்ரோட்டினின் உள்ள கலவை அப்படிப் போகாது. லியூபெப்டின் சின்ன மூலக்கூறு, அசிட்டோனில் வீழ்படிவாக்கிக் கழுவினால் போய்விடும். அப்ரோட்டினின் தானே ஒரு புரதம், பெல்லெட்டோடு கூடவே வரும். அதற்கு டிடிடிதான் மருந்து.

ஐந்தாவது விதைகள். சக்கைக்குருவிலும் பயறுகளிலும் ட்ரிப்சின் தடுப்பான் இயல்பாகவே இருக்கிறது. அதுவும் புரதம் என்பதால் வீழ்படிவாக்கினால் போகாது. அதன் உறுதி டைசல்ஃபைடு பிணைப்பில் இருப்பதால், 8 மோலார் யூரியாவிலேயே டிடிடியையும் ஐயோடோஅசிட்டமைடையும் முழுதாக முடித்துவிட்டு அதன்பிறகே நீர்க்க வேண்டும். நீர்த்தபின் டிடிடி போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் யூரியாவிலேயே வேலை செய்யும் லைஸ்-சி என்சைமை முதலில் போட்டு, பிறகு நீர்த்து ட்ரிப்சின். விலை அதிகம், அதனால்தான் கடைசியில் சொல்கிறேன்.

அறிகுறி 4: ட்ரிப்சின் போடும் முன்பே பேண்டுகள் கலைந்திருக்கின்றன

‘முன்’ பகுதியிலேயே ஜெல் முழுக்க இழுவையாக, கீழே தடித்த நிழலாக இருந்தால் சாம்பிள் வழியிலேயே செரித்துவிட்டது. இதை ஆய்வகத்தில் சரிசெய்ய முடியாது. திரும்ப எடுக்கத்தான் வேண்டும்.

மீனில் குடலின் என்சைம்கள்தான் காரணம். வயிற்றுப் பக்கச் சதையை விட்டுவிட்டு முதுகுச் சதையை எடுங்கள். துறைமுகத்தில் திரவ நைட்ரஜன் கிடைக்காது. அதற்கு மாற்று: 2 சதவீத எஸ்டிஎஸ் பஃபரை ட்யூபில் கொண்டுபோய், கரையிலேயே பட்டாணி அளவு சதையை நசுக்கிப் போட்டு, பிளாஸ்கில் கொண்டுபோன கொதிநீரில் பத்து நிமிடம் வைப்பது. ஆய்வகத்துக்கு வந்ததும் 95 டிகிரியில் மறுபடி ஐந்து நிமிடம். எஸ்டிஎஸ்ஸைப் பிறகு நீக்கிக்கொள்ளலாம்.

ரப்பர் பால் என்றால் ஒரு கேள்விதான்: அம்மோனியா ஊற்றியதா? தோட்டத்தில் கெட்டியாகாமல் இருக்க அம்மோனியா சேர்த்த பாலில் நாள்பட நாள்படப் புரதம் உடையும். பால் வெட்டுகிறவரிடம் முன்தினமே சொல்லிவைத்து, விடிகாலையில் சிரட்டையில் விழும் பாலை நேராகப் பனிக்கட்டியில் வைத்த ட்யூபுக்கு வாங்குங்கள். வந்த அன்றே அதிவேக சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே மிதக்கும் ரப்பருக்கும் அடியில் படியும் லூட்டாய்டு என்ற நுண்பைகளுக்கும் நடுவே உள்ள தெளிந்த சீரத்தை எடுத்துவிட வேண்டும். முழுப் பாலை உறையவைத்தால் லூட்டாய்டு வெடித்து எல்லாம் கட்டியாகிவிடும்.

அறிகுறி 5: பெல்லெட் பழுப்பாக, பிசினாக இருக்கிறது

மட்டிப் பழம், வாழைப்பூ, கிராம்பு. ஃபீனால் புரதத்தோடு ஒட்டிக்கொண்டது. அரைக்கும்போதே, ஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபிபி தூள் சேர்ப்பது எளிய தீர்வு. அடுத்தது, 10 சதவீத டிசிஏ கலந்த குளிர் அசிட்டோனில் 0.07 சதவீத மெர்காப்டோஎத்தனால் சேர்த்து வீழ்படிவாக்குவது. அதற்கும் மேலே, திரவ ஃபீனாலில் புரதத்தைப் பிரித்தெடுப்பது. ஃபியூம் ஹூடும் பழகிய ஆளும் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம், தோலில் பட்டால் ஆழமாகப் பொசுக்கும்.

அறிகுறி 6: மாஸ் ஸ்பெக் (பெப்டைடுகளின் எடையை அளக்கும் கருவி) அறிக்கையில் வேண்டாத எடை மாற்றங்கள்

பெப்டைடுகளில் 43 டால்டன் கூடியிருந்தால் யூரியாதான். பழையதாகவோ சூடானதாகவோ இருந்தால் சயனேட் உண்டாகி, ட்ரிப்சின் வெட்டும் இடமான லைசினில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் ட்ரிப்சின் வெட்டாது. அன்றைக்கே கரைத்த யூரியா, 37 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. புத்தக முறையில் டிடிடிக்கு 56 டிகிரி என்று இருக்கும். யூரியா இருக்கும்போது அதைப் பின்பற்றாதீர்கள்.

சிஸ்டீனில் 57 கூடியிருப்பது நல்லது, அதைத்தான் எதிர்பார்க்கிறோம். அதே 57 லைசினிலும் பெப்டைடின் நுனியிலும் இருந்தால் ஐயோடோஅசிட்டமைடு அதிகம், அல்லது நேரம் அதிகம். அரை மணி நேரம் முடிந்ததும் இன்னும் கொஞ்சம் டிடிடி போட்டு நிறுத்துங்கள். கரைசல் மஞ்சளாக இருந்தால் அயோடின் பிரிந்துவிட்டது, கொட்டிவிட்டு வேறு கரையுங்கள்.

44 டால்டன் இடைவெளியில் சீப்புப் பல் போல வரிசையாகச் சிகரங்கள் என்றால் ட்ரைட்டன் அல்லது வேறு பாலிமர். கண்ணாடிப் பாத்திரங்களை டிடர்ஜென்ட் போட்டுக் கழுவினீர்களா என்று பாருங்கள்.

கெரட்டின் நிறைய இருந்தால் அது நம் தோலும் முடியும்தான். முழுக்கை கோட், தலைமறைப்பு, மூடிய ட்யூப். ரப்பர் பால் ஆய்வு செய்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை: சாதாரண லேடெக்ஸ் கையுறை போடாதீர்கள். அதிலும் ரப்பர் மரத்தின் புரதங்களே இருக்கின்றன. அறிக்கையில் வருவது உங்கள் மரத்துடையதா கையுறையுடையதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நைட்ரைல் மட்டும்.

அறிகுறி 7: சி18 (பெப்டைடை ஒட்டவைத்து உப்பை நீக்கும் டிப்) கழுவலுக்குப் பிறகு பெப்டைடு காணாமல் போகிறது

ஏற்றும் முன் பிஎச் 3க்குக் கீழே கொண்டுவந்தீர்களா? டிஎஃப்ஏ (ட்ரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம்) சேர்த்துத் தாளில் பாருங்கள். பைகார்பனேட் நுரைத்து அடங்கியபின் பாருங்கள். டிப்பை முதலில் அசிட்டோநைட்ரைலில் நனைத்தீர்களா, நடுவில் காயவிட்டீர்களா? டிஆக்ஸிகோலேட் பயன்படுத்தியிருந்தால் அமிலம் பட்டதும் வெள்ளையாக வீழ்படியும். அது பெப்டைடு இல்லை, சுற்றிவிட்டு மேலே உள்ளதை எடுக்கவும். ஒட்டாமல் வழிந்ததையும் கழுவிய நீரையும் முடிவு வரும்வரை கொட்டாதீர்கள். அதிலிருந்து சாம்பிளை மீட்ட சந்தர்ப்பங்கள் எனக்கு நிறைய உண்டு.

எப்போது வெளியாளைக் கூப்பிடுவது

இன்குபேட்டர் 2 டிகிரிக்கு மேல் விலகினாலோ, சென்ட்ரிஃப்யூஜ் அதிர்ந்தாலோ சர்வீஸ் ஆள்தான். ரோட்டரை நீங்களே கழற்றிச் சரிபார்க்க முயல வேண்டாம். பிஎஸ்ஏ இரண்டு முறை தொடர்ந்து சுத்தமாகச் செரித்து, உங்கள் சாம்பிள் மட்டும் 3ஆ, 3இ முழுவதும் பார்த்தும் மசியவில்லை என்றால் அதற்குமேல் உங்கள் ட்ரிப்சினைச் செலவழிப்பது வீண். மாஸ் ஸ்பெக் வசதி உள்ள இடத்தில் பேசுங்கள். நமக்கு அருகில் திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. சாம்பிள் அனுப்பும் முன் அங்குள்ளவர்களிடம் முறை கேட்டுக்கொண்டு, ‘முன்–பின்’ ஜெல் படத்தைக் கூடவே அனுப்புங்கள். அதைப் பார்த்தே பாதிச் சிக்கலைச் சொல்லிவிடுவார்கள்.

பெப்டைடை உலர்த்திய நிலையில் அனுப்புவது நல்லது. குளிர் பேக் வைத்தால் பயணத்தைத் தாங்கும். கரைசலாக அனுப்பினால் பாராஃபிலிம் சுற்றுங்கள். ட்யூபில் பெயர் மட்டும் எழுதாமல் எந்த உயிரி, எத்தனை மைக்ரோகிராம், எந்த டிடர்ஜென்ட் எப்போதாவது தொட்டது, எப்படி நீக்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். எஸ்டிஎஸ் பயன்படுத்தியதை மறைத்தால் அவர்களுடைய காலம் பாழாகும், அடுத்த தடவை உங்கள் சாம்பிளை வாங்கவே யோசிப்பார்கள்.